டூடா, மச்சாவா?

நண்பனை "டூட்" என்று கூப்பிடுவதா, "மச்சா" என்று கூப்பிடுவதா? "டூட்" (dude) 1883 வாக்கில் நியூயார்க்கில் பரவிய ஆங்கிலச் சொல். மிடுக்காக உடுத்தித் திரியும் மைனரைத்தான் முதலில் குறித்தது. பிறகு பண்ணைக்குச் சுற்றுலா வந்த நகரத்து ஆளை. அலைச்சறுக்கு இளைஞர்கள் வாயில் அது நண்பனாயிற்று. உள்ளே உறவு எதுவும் இல்லை.

மச்சா அப்படியல்ல. மனைவியின் சகோதரன், அக்காள் கணவன், மாமன் மகன் எல்லாரும் நமக்கு மச்சான். கடைசி எழுத்து உதிர்ந்து, கோலாலம்பூரில் "மாமாக்" எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக்கடைகளில் மலாய்க்காரரும் சீனரும்கூட "மச்சா, தே தாரிக் சத்து!" (மச்சா, ஆற்றிய தேநீர் ஒன்று!) என்கிறார்கள். நம் சொல் இவ்வளவு தூரம் போனது பெருமைதான்.

ஆனால் அதே ஊரில் தமிழர் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில் முன்பின் தெரியாத தமிழ்ப் பெரியவரை மச்சா என்றால் முகம் சுளிப்பார்: பெண் கொடுத்து, பெண் எடுக்கும் உறவு அதில் ஒட்டியிருக்கிறது. அவருக்கு "அண்ணே" போதும். சம வயது நண்பனுக்கு மச்சாவே நெருக்கம்; டூட் கொஞ்சம் எட்டியே நிற்கும்.