புதுமனைக்கு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு

வீட்டில் ஒற்றுமையும் செல்வமும் நிலைக்கும் என்று சொல்லி விற்கப்படும் அலங்காரப் பொருள்களுக்கு இப்போது குறைவில்லை. ஓடும் குதிரைகளின் படம், கண்ணாடிப் பிரமிடு, காற்றில் ஒலிக்கும் குழாய்ச் சரம் என்று பலவும் புதுமனை புகுவிழாப் பரிசாக வந்து குவிகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை நம் பாட்டி வீட்டில் இருந்தவை அல்ல. என் மகளின் அடுக்குமாடி வீட்டுக்காக நாங்கள் தேர்ந்தெடுத்தது நாச்சியார்கோயில் குத்துவிளக்கு ஒரு சோடி. மூன்றடி உயரம், ஐந்து முகம், உச்சியில் அன்னம்.

குத்துவிளக்கின் அடிப்பாகத்தில் பிரம்மாவும், தண்டில் திருமாலும், எண்ணெய் நிற்கும் அகலில் ருத்திரனும், திரி முகங்களில் மகேசுவரனும், உச்சியில் சதாசிவனும் உறைவதாகச் சொல்வார்கள். கிழக்கு நோக்கி ஏற்றினால் துன்பம் விலகும், வடக்கு நோக்கி ஏற்றினால் மங்கலமும் செல்வமும் பெருகும், தெற்கு நோக்கி மட்டும் ஏற்றலாகாது என்பது பெரும்பாலான வீடுகளில் வழங்கும் முறை. வாஸ்துப்படி பூசையறை ஈசானிய மூலையில் அமைய வேண்டும் என்றால், கட்டி முடித்த அடுக்குமாடி வீட்டில் சுவரை இடிக்காமல் அது நடக்காது. விளக்குக்கோ ஒரு மணைப்பலகையும் அது பார்க்க வேண்டிய திசையும் போதும். வாடகை வீட்டில் இருப்பவரும் முழு மனத்தோடு கடைப்பிடிக்கக்கூடிய மரபு என்பதே இதன்மேல் எனக்குள்ள மதிப்புக்கு முதல் காரணம்.

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டரில் இருக்கிறது நாச்சியார்கோயில். 1973இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகத்தின் பூம்புகார் விற்பனை நிலையங்களிலும் இவ்விளக்குகள் கிடைக்கின்றன என்றாலும், முடிந்தவர்கள் ஊருக்கே சென்று வாங்குவது நல்லது. அடி, தண்டு, அகல், அன்னம் என ஒவ்வொரு பாகத்துக்கும் காவிரிப் படுகையின் நுண்ணிய வண்டல் மண்ணில் தனித்தனியே அச்சு எடுத்து, அதில் உருக்கிய பித்தளையை ஊற்றி, ஆறிய பின் அரத்தால் ராவி, கடைசல் பிடித்து, மெருகேற்றி, கடைசியில் திருகிப் பொருத்துகிறார்கள். அந்த மண்ணின் தன்மையும் கம்மாளர்களின் கைப்பழக்கமும் சேர்ந்ததால்தான் இவ்விளக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தண்டின் வளையங்கள் ஒவ்வொன்றும் விரலால் தடவினால் கூர்மை இல்லாமல் வழுவழுப்பாக இருந்தன. தகட்டில் செய்து உள்ளே கூடாக விடப்பட்ட மலிவு விளக்குகளைத் தட்டினால் எழும் ஓசைக்கும் இதன் ஓசைக்கும் உள்ள வேறுபாட்டை யாரும் உணரலாம்.

பெரும்பாலும் எடை போட்டே விற்கிறார்கள். ஆகவே உயரத்தைக் கேட்டு மட்டும் விலையை ஒப்பிடக் கூடாது. அடிப்பாகம் அகலமாகவும் கனமாகவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், குறிப்பாகத் தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு. அகலும் தண்டும் சேரும் மரையில் சிறு தளர்வு இருந்தாலும் எண்ணெய் கசிந்து தண்டு வழியே இறங்கிவிடும். எங்களுக்குக் காட்டிய விளக்குகளில் ஒன்றில் எண்ணெய் ஊற்றிப் பார்த்தபோது இப்படிக் கசிந்தது. பட்டறைக்காரர் மறுப்பேதும் சொல்லாமல் வேறொன்றை எடுத்துத் தந்தார். ஊற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள். பளபளப்பு மங்காதிருக்க மேலே பூச்சு அடித்த விளக்குகளும் கடைகளில் உண்டு. அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாள்தோறும் எரியும் விளக்கில் சூடுபட்டு அந்தப் பூச்சு திட்டுத்திட்டாகக் கருகிவிடும்.

பராமரிப்பு எளிதன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கைத் துலக்கக் கூடாது என்ற வழக்கத்தின்படி வியாழனன்றே பாகங்களைக் கழற்றி, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சந்தனமும் குங்குமமும் இட வேண்டும். மூன்றடி விளக்கு இரண்டைத் தனியொருவர் துலக்கினால் தோள் வலிக்கும். மகள் வீட்டில் கழற்றுவதும் தேய்ப்பதும் மருமகன் பொறுப்பு, துடைத்துப் பொட்டு வைப்பது மகள் பொறுப்பு. மாலையில் நல்லெண்ணெய் ஊற்றி ஏற்றியதும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு இருவரும் சிறிது நேரம் விளக்கின் முன் அமர்கிறார்கள். வாயால் ஊதி அணைக்காமல் பூவால் குளிர்விக்கும் வழக்கத்தையும் விடவில்லை. விளக்கு குடும்பத்தில் இணக்கம் தரும் என்ற நம்பிக்கை அவர்கள் வீட்டில் நிறைவேறும் விதம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

விளக்கு வாங்கச் செல்பவர்கள் அந்த ஊர்ப் பெருமாள் கோயிலையும் கட்டாயம் சேவிக்க வேண்டும். 108 திவ்விய தேசங்களுள் ஒன்றான திருநறையூர் இதுவே. கல் கருடன் இங்குதான் இருக்கிறார். மேதாவி முனிவர் தம் மகள் வஞ்சுளவல்லியைப் பெருமாளுக்கு மணமுடிக்கும்போது, இவ்வூரில் அவளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று கேட்டாராம். அதனால்தான் இன்றும் புறப்பாட்டில் தாயார் முன்னே செல்கிறார். மனைவிக்கு முதன்மை தரும் ஊரிலிருந்து மணமகளின் சீர்வரிசைக்கு விளக்கு போவது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

கூடம் பெரிதாக உள்ள வீட்டுக்கு மூன்றடிச் சோடி கம்பீரமாக இருக்கும். அலமாரிக்குள் பூசையிடம் வைத்திருப்பவர்கள் ஓரடி விளக்கையே வாங்கட்டும். சுடருக்கு மேலே மரப்பலகை நெருக்கமாக இல்லாதபடி இடம்விட்டு வைக்க வேண்டும்.