பனிக்காலத்துக்கு முன்: சருகை வாருவதா, அரைத்து விடுவதா?

இலையுதிர் காலம் வந்தாலே புல்தரை வைத்திருப்பவர்களுக்குச் சருகு வாரும் வேலை வந்துவிடும். வாரிக் கொட்டினால் தரை பளிச்சென்று இருக்கும். ஆனால் முதுகு ஒடியும், சருகில் இருக்கும் சத்தும் மூட்டையோடு போய்விடும். அதற்குப் பதில், புல்வெட்டியைச் சருகின் மேலேயே இரண்டு மூன்று முறை ஓட்டினால் அது பொடிப்பொடியாகிப் புல்லிடுக்கில் இறங்கி மட்கிவிடும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகளும், இப்படி அரைத்து விடுவதால் புல்லுக்குக் கேடில்லை என்றே காட்டியிருக்கின்றன. என் ஓட்டு அரைப்பதற்குத்தான்.

ஒரு நிபந்தனை உண்டு. ஓட்டி முடித்ததும் குனிந்து பாருங்கள். பொடிக்கு மேலே புல்நுனி தெரிய வேண்டும். தெரியவில்லையா? மிச்சத்தை வாரி எருக்குழியில் போட்டுவிடுங்கள். ஈரச் சருகு மெஷினில் அப்பிக்கொள்ளும், காயவிட்டு ஓட்டுங்கள். வாரவும் இல்லை, அரைக்கவும் இல்லை என்று விட்டுவிடுவதுதான் மோசம். ஈரச் சருகு பாய்போல் படிந்து, அதன்மேல் பனியும் மூடினால் பூஞ்சை பிடிக்கும். பனி உருகும்போது வைக்கோல் நிறத்தில் வட்டவட்டமாகப் புல் செத்துக் கிடக்கும். சில வட்டங்களின் விளிம்பில் இளஞ்சிவப்பும் தெரியும். புல்லை நெடுநெடுவென வளரவிட்டாலும் சாய்ந்து படுத்து இதே கதிதான். அதற்காக மொட்டையடிக்கவும் கூடாது. குளிர்நாட்டுப் புல் என்றால் கடைசி வெட்டில் 5 முதல் 6 செ.மீ. நிற்கட்டும். எந்த வெட்டிலும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

இறுகிய மண்ணில் துளையிட ஆணிச்செருப்பா, மண் எடுக்கும் மெஷினா? ஆணிச்செருப்பு மலிவு, ஆனால் மண்ணைப் பக்கவாட்டில் நெருக்கி, துளையின் சுவரை இன்னும் இறுக்கிவிடும். குழாய்ப்பல் வைத்த மெஷினோ விரல் தடிமனில், 5 முதல் 8 செ.மீ. நீளத்துக்கு மண்ணையே உருவி வெளியே போடும். அந்த உருளைகளைப் பொறுக்க வேண்டாம். மழையில் தானே கரையும். வாடகைக்காவது இதை எடுங்கள். பொலபொலவென்ற மணல் தரைக்கு இரண்டுமே தேவையில்லை.

உரத்தில் பொது விதி கிடையாது, புல்லைப் பார்த்துத்தான் முடிவு. ரை, ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் போன்ற குளிர்நாட்டுப் புற்களுக்கு, வளர்ச்சி குறைந்தாலும் இன்னும் பச்சையாக இருக்கும்போது கொடுக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) வேரில் சேமிப்பாகும். அருகம்புல் வகைக்குப் பிந்திக் கொடுத்தால் இளந்தளிர் கிளம்பி உறைபனியில் கருகும். உறைந்த தரையில் எந்தப் புல்லுக்கும் உரம் வீசாதீர்கள். பனி உருகும்போது அது நீர்நிலைக்குத்தான் போகும்.

சொட்டையான இடங்களில் விதைக்க இலையுதிர் காலத்தின் தொடக்கமே மேல். ரை ஒரு வாரத்தில் முளைக்கும், புளூகிராஸுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் உறைபனி வந்துவிடும் போலிருந்தால் அவசரப்படாமல், மண் முளைக்க முடியாத அளவுக்குக் குளிர்ந்த பிறகு தூவுங்கள். விதை உறங்கிக் கிடந்து வசந்தத்தில் முளைக்கும். கொஞ்சம் வீணாகும் என்பதால் விதையைச் சற்றுக் கூடுதலாகவே போடுங்கள்.