அதிவேக போர்டில் ப்ரோப் எங்கே: கிளைப் பேடா, வழிப் பேடா, ரெசிஸ்டரா?

ஆசிலாஸ்கோப்பின் (ஸ்கோப்) ப்ரோப் முனையை வைத்துச் சிக்னலை அளவெடுக்க இடம் விடாமல் சர்க்யூட் போர்டைத் தயாரிப்புக்கு அனுப்பிவிட்டால் பிறகு கத்தியால் மாஸ்க்கை, அதாவது செம்பை மூடும் பூச்சை, சுரண்ட வேண்டியதுதான். முன்கூட்டியே இடம் விடுவதென்றால் மூன்று வழிகள் உண்டு.

டிரேஸிலிருந்து (சிக்னல் ஓடும் செம்புத் தடம்) கிளை பிரித்து ஓரமாக டெஸ்ட் பேட் (ப்ரோப் தொடும் செம்புப் புள்ளி) வைப்பது கைக்கு வசதி, சிக்னலுக்குக் கேடு. எஃப்ஆர்-4 எனும் வழக்கமான கண்ணாடியிழை போர்டில் 10 மி.மீ. கிளை, 4 கிகாஹெர்ட்ஸ் வாக்கில் கால் அலைநீளமாகி, அந்த அதிர்வெண்ணைப் பிரதான டிரேஸிலேயே ஷார்ட் செய்துவிடும். ப்ரோப்பை எடுத்தாலும் கிளை போகாது. ரீசெட் போன்ற மெதுவான லைன்களுக்கு மட்டும் சரி.

இரண்டாவது வழிப் பேட்: டிரேஸ் மேலேயே பேட் வைத்தால் கிளை இல்லை. 1 மி.மீ. வட்டப் பேடுக்கு 0.2 மி.மீ. கீழே கிரவுண்ட் பிளேன் (கிரவுண்டுடன் இணைந்த செம்புத் தளம்) இருந்தால் கொள்ளளவு சுமார் 0.2 பிகோபாரட், 100 பிகோசெகண்டில் ஏறும் எட்ஜில் (சிக்னலின் விளிம்பு) 5 சதவீதம் திரும்பி வரும். இங்கே சிக்கல் பேடில் இல்லை, ப்ரோப்பில். சிக்னலைப் பத்தில் ஒன்றாக்கும் சாதாரண 10 மடங்கு ப்ரோப்பின் 10 பிகோபாரட் கொள்ளளவு, 500 மெகாஹெர்ட்ஸில் வெறும் 32 ஓம். அதன் 15 செ.மீ. கிரவுண்ட் வயரும் சேர்ந்தால் 130 மெகாஹெர்ட்ஸ் அருகே ரிங்கிங் (எட்ஜுக்குப் பின் வரும் அலைவு) தெரியும். போர்டில் இல்லாத கோளாறு அது. ஆகவே ஆக்டிவ் ப்ரோப் (முனையிலேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள, கொள்ளளவு குறைந்த ப்ரோப்) வேண்டும், பேடுக்கு 2 மி.மீ.க்குள் கிரவுண்ட் வயாவும் (கிரவுண்ட் பிளேனுக்கு இறங்கும் செம்புத் துளை) வேண்டும்.

மூன்றாவது வழிதான் என் தேர்வு: 0402 அளவில் (சுமார் 1 × 0.5 மி.மீ.) 453 ஓம் ரெசிஸ்டர், அதன்பின் 50 ஓம் டிரேஸ், கோஆக்சியல் கனெக்டர், ஸ்கோப்பில் 50 ஓம் இன்புட். பத்தில் ஒரு பங்கு வோல்டேஜ் வரும். 50 ஓம் லைனில் இதுவும் 5 சதவீதம் திருப்பி அனுப்பும். ஆனால் கொள்ளளவு எட்ஜை மழுங்கடிக்கும், ரெசிஸ்டர் உயரத்தை மட்டும் குறைக்கும். வடிவம் அப்படியே வரும். ரெசிஸ்டரின் ஒரு பேட் டிரேஸ் மேலேயே உட்கார வேண்டும். அதற்கு முன் 3 மி.மீ. விட்டாலும் கிளைதான், பின்னால் எவ்வளவு நீண்டாலும் பரவாயில்லை. சோதனை முடிந்ததும் ரெசிஸ்டரைக் கழற்றினால் மிஞ்சுவது ஒரு சிறு பேட்.

இந்த ரெசிஸ்டர் லைனிலிருந்து எப்போதும் இழுக்கும் டிசி சுமையை மறக்கக் கூடாது. 50 ஓம் சோர்ஸ் டெர்மினேஷன் (அனுப்பும் முனையில் தொடராக வரும் ரெசிஸ்டன்ஸ்) உள்ள 3.3 வோல்ட் லைன் 3 வோல்ட்டாக இறங்கும். 4.7 கிலோஓம் புல்-அப் (சப்ளையை நோக்கி இழுக்கும் ரெசிஸ்டர்) லைனிலோ ஹை என்பதே 0.3 வோல்ட்தான், அங்கே வேண்டவே வேண்டாம்.

எந்த வழியானாலும் ரிசீவர் சிப்பின் காலை (பின்) ஒட்டியே அளக்க வேண்டும். சோர்ஸ் டெர்மினேஷன் உள்ள லைனின் நடுவில் வைத்தால் மறுமுனையிலிருந்து அலை திரும்பி வரும் வரை பாதி உயரத்தில் ஒரு படி தெரியும்; அது பிழையல்ல.