பத்தமடைப் பாயும் மூச்சுப் பயிற்சியும்

ரிஷிகேஷில் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர் 1887-இல் பிறந்த ஊர் பத்தமடை. அந்த ஊர்க் கோரைப் பாய், உட்கார்ந்து செய்யும் மூச்சுப் பயிற்சிக்கு அருமையான விரிப்பு. பருத்தி நூல் பாவில் கோரையை ஊடையாகக் கொடுத்து நெய்வதால் வேர்வை பிசுபிசுக்காது, அக்னி நட்சத்திரத்திலும் முதுகு புழுங்காது. பட்டுப் போன்ற கல்யாணப் பாய் இதற்கு வேண்டாம்; நடுத்தர நெசவே தாங்கும்.

நாசி மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்திக்கு, மடித்த போர்வையை நான்கு விரல் உயரத்துக்கு இடுப்புக்கு அடியில் வையுங்கள். முழங்கால் தரையில் படியும், முதுகு தானே நிமிரும். இடது நாசியில் 4 எண்ணி இழுத்து வலதில் 8 எண்ணி விட வேண்டும். பிறகு வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. 10 சுற்று போதும். தலை கிறுகிறுத்தால் மூச்சை வலிந்து இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். உடனே நிறுத்தி இயல்பாக மூச்சு விடுங்கள். அடுத்த முறை 3-க்கு 6 ஆகக் குறையுங்கள். முடிவில் அதே பாயில் 10 நிமிடம் மல்லாந்து படுத்துச் சவாசனம். இங்கேதான் கோரையின் குளுமை தெரியும்.

குறை ஒன்று உண்டு: டைல்ஸ் தரையில் வழுக்கும். அடியில் ஜமுக்காளம் போட்டாலும், கையையும் காலையும் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசனத்தில் உள்ளங்கை நழுவும். அதற்கு ரப்பர் விரிப்புதான் சரி.

பாயை மடிக்காதீர்கள், மடிப்பில் கோரை ஒடியும், நீளவாக்கில் சுருட்டுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.