இஸ்தான்புல்: பார்க்க ஒரு கரை, சாப்பிட ஒரு கரை

இஸ்தான்புல்லுக்கு முதல் தடவை போகிறவர்கள் எங்கே தங்கலாம் என்று கேட்டால் என் பதில் இரண்டு பெயர்களுக்குள் முடிந்துவிடும். ஒன்று ஐரோப்பியக் கரையின் சுல்தானஹ்மத். இன்னொன்று கடலைத் தாண்டி ஆசியக் கரையில் இருக்கும் காடிக்கோய். தக்சிம் பக்கத்தையும் சிலர் சொல்வார்கள். ராத்திரி தூங்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கு அது சரி.

சுல்தானஹ்மத்தின் பலம் நடைதூரம். ஹகியா சோபியா, நீல மசூதி, 336 தூண்கள் நிற்கும் நிலத்தடி நீர்த்தேக்கம், தோப்காபி அரண்மனை என்று எல்லாமே பத்துப் பதினைந்து நிமிட நடைக்குள் அடங்கிவிடும். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முன்னால், காலையில் பூனைகள் மட்டும் உலவுகிற அந்தச் சதுக்கத்தில் நிற்பதற்காகவே அங்கே தங்கலாம்.

ஆனால் உள்ளே போவது இப்போது செலவு பிடித்த விஷயம். 537இல் தேவாலயமாகக் கட்டி முடித்த ஹகியா சோபியா 2020இல் மீண்டும் மசூதியானது. 2024 தொடக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு 25 யூரோ கட்டணம். அதுவும் மேல்தளத்துக்கு மட்டும்தான். கீழே தொழுகைத் தளத்தில் கால் வைக்க முடியாது. 2025இல் குவிமாடச் சீரமைப்பு தொடங்கியதால் சாரமும் குறுக்கே நிற்கிறது. மேல்தளத்து மொசைக் ஓவியங்களுக்காக ஒரு முறை கொடுக்கலாம் என்பேன். நான்கு பேர் குடும்பமாகப் போனால் நூறு யூரோ என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்ப் போட்டி நீல மசூதி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். என் ஓட்டு சுலைமானியேவுக்கு. சுல்தானஹ்மத்திலிருந்து இருபத்தைந்து நிமிட நடை, கொஞ்சம் மேடு. கட்டடக் கலைஞர் சினான் 1557இல் கட்டி முடித்தது. கட்டணம் கிடையாது. தொழுகை நேரம் தவிர மற்ற வேளைகளில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கம்பளத்தில் உட்காரலாம். பெண்கள் தலைக்கு ஒரு துண்டு எடுத்துப் போக வேண்டும். எண்ணெய் விளக்குகளின் புகை காற்றோட்டத்தில் வாசலுக்கு மேலுள்ள அறைக்குப் போய்ச் சேரும்படி சினான் வடிவமைத்தார், அங்கே படிந்த கரியில் எழுதும் மை செய்தார்கள் என்று சொல்வார்கள். பின்புறத் தோட்டத்தில் நின்றால் கீழே தங்கக் கொம்பு நீர்வழியும் கலாத்தா கோபுரமும் தெரியும்.

மசூதியின் வாசலுக்கு எதிரிலேயே மதியச் சாப்பாடு. வரிசையாக நாலைந்து கடைகள், எல்லாவற்றிலும் ஒரே பண்டம்: குரு ஃபசூல்யே. வெள்ளை மொச்சை மாதிரியான பீன்ஸை வெங்காயம், தக்காளி விழுது, வெண்ணெய் போட்டு நிதானமாக வேகவைத்தது. பக்கத்தில் பிலாவ் சோறு, ஊறுகாய், ஒரு கிளாஸ் அய்ரான். நம்முடைய மோரேதான், கறிவேப்பிலை மட்டும் இருக்காது. சைவர்கள் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு போங்கள்: ‘எத்சிஸ்’. இறைச்சி இல்லாதது என்று பொருள். பீன்ஸில் இறைச்சித் துண்டும், சோற்றில் கோழிச் சாறும் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு.

சுல்தானஹ்மத் சதுக்கத்தைச் சுற்றிச் சாப்பிடுவதில் எனக்கு நல்ல அனுபவம் இல்லை. வாசலில் நின்று நான்கு மொழியில் கூப்பிட்ட ஓர் உணவகத்தில் உட்கார்ந்தேன். பட்டியலில் விலை இல்லை. கேட்காமலே ரொட்டியும் தயிரும் வந்தன. பில்லில் அவையும் வந்தன. அப்புறம் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: கூப்பிடுகிற கடையில் சாப்பிடுவதில்லை.

இப்போது எதிர்க்கரை. எமினோனு படகுத்துறையில் இஸ்தான்புல்கார்ட் என்ற பயண அட்டையைத் தட்டிவிட்டு ‘வாபூர்’ எனும் பயணிகள் படகில் ஏறினால் இருபது நிமிடத்தில் காடிக்கோய். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடிக் கிளாஸில் தேநீர் வரும். விளிம்பைப் பிடித்துக் குடிக்க வேண்டும், நடுவில் பிடித்தால் சுடும். எள் ஒட்டிய சிமிட் என்ற ரொட்டி வளையத்தை வெளித்தளத்தில் பிய்த்தால் கடற்காகங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில் பறந்து வரும். சுல்தானஹ்மத்தை முழுசாகப் பார்க்க நல்ல இடம் அதை விட்டு விலகும் இந்தப் படகுதான். மசூதிக் கோபுரங்களும் அரண்மனையும் ஒரே வரிசையில் நிற்கும். இரு கரைகளுக்கும் நடுவிலுள்ள போஸ்பரஸ் நீரிணையில் உலா என்று துறையில் கூவி விற்கும் தனியார் படகுகளுக்கும் இதற்கும் முதல் தடவைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, விலையைத் தவிர.

காடிக்கோய்க்குப் பழைய பெயர் கால்செடன். எதிரே அவ்வளவு நல்ல தீபகற்பம் காலியாகக் கிடக்க, இங்கே வந்து குடியேறியவர்களைக் குருடர்கள் என்று கேலி செய்ததாகப் பழங்கதை உண்டு. இங்குள்ள சந்தைத் தெருவில் மதியம் ஒரு மணிக்கு நடந்தால் அந்தக் கேலி செல்லாது. மீன்கடைகளில் செவுளை வெளியே திருப்பிச் சிவப்புப் பூ மாதிரி வைத்திருப்பார்கள். புதுசு என்பதற்கு அதுவே சாட்சி, நாம் விரலால் தூக்கிப் பார்க்க வேண்டியதில்லை. மூலையில் நிற்பவர் ‘மிதியே தோல்மா’ விற்பார்: சிப்பிக்குள் மசாலாச் சோறு. ஒரு ஓட்டைத் திறந்து எலுமிச்சை பிழிந்து நீட்டுவார், போதும் என்று சொல்லும் வரை நீட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் காலி ஓடுகளை எண்ணிக் காசு.

சைவர்களுக்கும் இந்தக் கரைதான் சௌகரியம். ‘எஸ்னாஃப் லோகாந்தா’ எனப்படும் சாதாரணச் சாப்பாட்டுக் கடைகளில் சமைத்ததெல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். மொழி வேண்டாம், விரல் போதும். ‘ஸெய்தின்யாலி’ என்று கேட்டால் ஆலிவ் எண்ணெயில் சமைத்து ஆறவைத்த காய்கள் வரும். மைசூர்ப் பருப்பில் செய்யும் மெர்ஜிமெக் சூப்பில் எலுமிச்சை பிழிந்தால் வீட்டு நினைப்பு வந்துவிடும். மதியமே போய்விடுங்கள், மூன்று மணிக்கு மேல் பாதித் தட்டுகள் காலியாகியிருக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் ‘சியா சோஃப்ராசி’. துருக்கியின் ஆசியப் பகுதியான அனடோலியாவின் பல ஊர்ச் சமையலை ஒரே கூரையில் வைத்திருக்கிறார்கள்.

அரண்மனைகளில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் தோப்காபி. அதன் சமையல்கூடங்களில் இருக்கும் சீனப் பீங்கான் வரிசைக்கே ஒரு மணி நேரம் போகும். 1856இல் சுல்தான் குடிபெயர்ந்த தோல்மாபாச்சேயில் நாலரை டன் சரவிளக்கு தொங்குகிறது. ஐரோப்பிய அரண்மனை ஏற்கெனவே பார்த்தவர்களுக்குப் புதிதாக இராது. தோப்காபிக்குச் செவ்வாய் விடுமுறை, தோல்மாபாச்சேக்குத் திங்கள், பெரிய கடைவீதியான கப்பாலி சார்ஷிக்கு ஞாயிறு. இதைப் பார்க்காமல் டிக்கெட் போட்டவர்கள் நிறைய.

ஆக, இரண்டே நாள் என்றால் சுல்தானஹ்மத்தில் தங்கி, ஒரு மதியத்தை மட்டும் காடிக்கோய்க்குக் கொடுங்கள். நான்கு நாளுக்கு மேல் என்றால் நான் காடிக்கோயில்தான் அறை போடுவேன். மதுக்கடைத் தெருக்களை மட்டும் தவிருங்கள், வெள்ளி, சனி இரவுகளில் அங்கே தூங்க முடியாது. இன்னொரு சிக்கல் ‘லோதோஸ்’ என்ற தெற்குக் காற்று. அது பலமாக அடித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். அப்போது 2013இல் திறந்த மர்மராய் ரயில் இருக்கிறது. ஐரோப்பியக் கரையின் சிர்கெஜியில் ஏறினால் கடலுக்கு அடியில் நாலு நிமிடம், அடுத்த நிலையம் ஆசியா. தேநீர் கிடைக்காது.