ஓடிஎஃப்-டு-டிஎஃப்எம்: ஆங்கில ஃபான்டை டெக்கில் ஏற்ற இதைவிட நல்ல கருவி இல்லை

களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் டைப்செட்டிங் பார்க்கிற தமிழர்களுக்கு டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள் புதிதல்ல. உலக டெக் பயனர் மாநாடே 2002, 2011, 2025 என மூன்று தடவை திருவனந்தபுரத்தில் நடந்திருக்கிறது. ஆய்விதழ் வேலையில் ஒரு சிக்கல் திரும்பத் திரும்ப வரும். வாடிக்கையாளர் கையில் இருப்பது ஓப்பன்டைப் ஃபான்ட், அவர் கேட்பதோ பிடிஎஃப்டெக்கில் (நேராகப் பிடிஎஃப் தரும் டெக்) ஓடும் கோப்பு. பிடிஎஃப்டெக் வரி கோர்க்கும்போது எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதே இல்லை. அகலம், உயரம், ஆழம், கெர்னிங் (இரண்டு எழுத்துக்கு நடுவே இடைவெளியைச் சரிசெய்வது), லிகேச்சர் (ஒட்டிய எழுத்து) எல்லாம் எழுதிய டிஎஃப்எம் என்ற சின்னக் கோப்பைத்தான் படிக்கும். அந்தக் கோப்பைச் செய்து கொடுப்பதுதான் எடி கோலர் எழுதிய ஓடிஎஃப்-டு-டிஎஃப்எம் (otftotfm) என்ற இந்தக் கருவி. அவருடைய எல்சிடிஎஃப் டைப்டூல்ஸ் தொகுப்பில் அடக்கம், டெக்லைவ் என்ற டெக் தொகுப்பைப் போட்டாலே கூட வந்துவிடும், இலவசம்.

முன்பு இதே வேலைக்கு ஃபான்ட்இன்ஸ்ட் இருந்தது. அதற்கு ஏஎஃப்எம் என்ற எழுத்தளவுக் கோப்பு வேண்டும், இடையில் பிஎல், விபிஎல் என்ற இடைநிலைக் கோப்புகள் வழியாகப் பல படி. இங்கே ஓப்பன்டைப் கோப்பையே நேராகக் கொடுக்கலாம். என்கோடிங் (எந்த எண்ணில் எந்த எழுத்து என்ற பட்டியல்) பெயர், கெர்னிங் வேண்டும், லிகேச்சர் வேண்டும் என்று ஒரே வரிக் கட்டளை. தானாக நிறுவும் விருப்பத்தையும் சேர்த்தால் டிஎஃப்எம், வேறு ஃபான்டிலிருந்து எழுத்தை எடுத்துக் கோர்க்கும் வெர்ச்சுவல் ஃபான்ட், டைப் 1 ஆக மாற்றிய வடிவக் கோப்பு, என்கோடிங் கோப்பு, எந்த டிஎஃப்எம்முக்கு எந்த வடிவக் கோப்பு என்று சொல்லும் மேப் வரி எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்காரும்.

கட்டளைக்கு முன்னால் அதே தொகுப்பிலுள்ள ஓடிஎஃப்இன்ஃபோவை ஓட்டிவிட வேண்டும். ஃபான்டில் என்னென்ன வசதி உண்டு, க்ளிஃப்களின் (எழுத்து வடிவங்களின்) பெயர் என்ன என்று அது பட்டியல் போட்டுத் தரும். இந்தப் படியைத் தாண்டிப் போனால் பிறகு மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

நம் பக்கத்து வேலைக்கு இந்தக் கருவி எதற்காகத் தேவை என்றால், ஊர்ப்பெயர்களையும் நூற்பெயர்களையும் ஆங்கில எழுத்தில் குறியிட்டு எழுதும் இடத்துக்காகத்தான். ழகரத்துக்கு எல்லின் அடியில் கோடு, றகரத்துக்கு ஆரின் அடியில் கோடு, ணகரத்துக்கு என்னின் அடியில் புள்ளி, நெடிலுக்கு மேலே கோடு. 1990இல் அயர்லாந்தின் கார்க் நகரில் வகுத்த டி1 என்கோடிங்கில் 256 இடமும் ஐரோப்பிய மொழிகளுக்கே போய்விட்டது. மேலே சொன்ன எதற்கும் அதில் இடமில்லை. புள்ளியையும் கோட்டையும் டெக்கின் மேல் ஓடும் லேடெக்கின் கட்டளையால் ஒட்டினால் பார்க்கச் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த இடத்தில் கெர்னிங் அறுந்துபோகும், அதற்குப் பிறகு வரும் பகுதியில் சொல்லை உடைக்க டெக் மறுத்துவிடும். நெய்யாற்றின்கரை போன்ற நீளப் பெயர் இரட்டைப் பத்தியில் வரும்போது வரி வெளியே துருத்துவது இதனால்தான்.

தீர்வு, சொந்தமாக ஒரு என்கோடிங் கோப்பு. டி1 கோப்பை நகலெடுத்து, வேண்டாத செக், போலிஷ் எழுத்துகளின் பெயர்களை எடுத்துவிட்டு நம் க்ளிஃப் பெயர்களை எழுத வேண்டும். பெயர் ஓடிஎஃப்இன்ஃபோ காட்டியபடி எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். சில ஃபான்டில் அது ஆங்கிலச் சொல்லாக இருக்கும், சிலவற்றில் யூனிகோட் எண்ணே பெயராக இருக்கும். இடம் தேர்வதிலும் கவனம் வேண்டும். டி1இல் 128 முதல் 156 வரை பெரிய எழுத்து, 160 முதல் 188 வரை அவற்றின் சின்ன எழுத்து, இரண்டுக்கும் சரியாக 32 வித்தியாசம். அந்த ஜோடி கலையாமல் வைத்தால்தான் பெரிய எழுத்தாக மாற்றுவதும் சொல் உடைப்பதும் ஒழுங்காக நடக்கும். ஃபான்டில் அந்த க்ளிஃபே இல்லையென்றால் ஃபான்ட் திருத்தும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் அடிப்படை எழுத்தோடு குறியைச் சேர்த்துச் செய்யலாம். அகலத்தை மட்டும் மூல எழுத்தின் அளவிலேயே விட வேண்டும். அதற்கு முன் உரிமத்தைப் படிப்பது கட்டாயம், விலைக்கு வாங்கும் ஃபான்ட்கள் பலவற்றில் மாற்றுவதற்கு அனுமதியே கிடையாது.

அடுத்தது டி, எச் (Th) லிகேச்சர். மினியன் ப்ரோ போன்ற அடோபி ஃபான்ட்களில் வழக்கமான லிகேச்சர் வசதிக்குள்ளேயே இது ஒளிந்திருக்கிறது. என்கோடிங்கில் காலியிடம் இருந்தால் கருவி அதையும் எடுத்துப் போட்டுவிடும். திருவனந்தபுரம், திருச்சூர், தோவாளை என்று நம் பெயர்களில் பாதி இந்த இரண்டு எழுத்தில்தான் தொடங்குகின்றன. அட்டவணை முழுக்க ஒட்டிய எழுத்தாக வந்தால் கண்ணை உறுத்தும். அந்த ஒரு ஜோடியை மட்டும் நீக்க லிக்கெர்ன் என்ற விருப்பம் இருக்கிறது, நீக்கிவிடுவதே நல்லது. வைத்துக்கொள்வதானால் பிடிஎஃப்டெக்கில் யூனிகோட் அட்டவணை உருவாக்கத்தை இயக்கியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் பிடிஎஃப்பில் ஊர்ப்பெயரைத் தேடினால் அகப்படாமல் போகலாம்.

குறைகளும் உண்டு. டிஎஃப்எம் பக்கத்துப் பக்கத்து இரண்டு எழுத்தை மட்டுமே பார்க்கும், ஆகவே ஓப்பன்டைப்பின் நீண்ட சூழல் விதிகளுக்கு அதில் வழியில்லை. ஒரு ஃபான்டுக்கு 16 உயரம், 16 ஆழம்தான் என்பதால் மீதி அளவுகள் அருகிலுள்ள அளவுக்குத் தள்ளப்படும். இவை அந்தக் கோப்பு வகையின் வரம்புகள், கருவியைக் குறை சொல்ல முடியாது. ஃபான்ட் குடும்பத்தை லேடெக்குக்கு அறிமுகப்படுத்தும் எஃப்டி கோப்பை இது எழுதித் தராதது மட்டும் உண்மையான குறை. பல தடிமன், சாய்வு, சிறிய பேரெழுத்து (ஸ்மால் கேப்ஸ்) கொண்ட முழுக் குடும்பத்தை ஏற்றுவதானால் மார்க் பென்னிங்காவின் ஆட்டோஇன்ஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். உள்ளே அது இதே கருவியைத்தான் ஓட்டும், ஸ்டைல் கோப்பு வரை எழுதிக் கொடுத்துவிடும்.

சொல் இடைவெளியை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். டெக்கின் சொந்த ஃபான்டில் 10 பாயின்டில் இடைவெளி 3.33 பாயின்ட். டைம்ஸில் 2.5தான். குறுகிய பத்தியில் நெரிசலாகத் தெரிந்தால் ஸ்பேஸ்-ஃபாக்டர் விருப்பத்தில் 1.1 என்று தொடங்கிப் பாருங்கள், அகலமும் நெகிழ்வும் சேர்ந்தே கூடும்.

'600இல் ஃபான்ட் கிடைக்கவில்லை' என்று பிழை காட்டிப் பிடிஎஃப்டெக் நின்றால் டிஎஃப்எம்மைக் குடைய வேண்டாம். பெரும்பாலும் மேப் வரி ஏறாததுதான் காரணம். யாராவது மேப் வரிகளைத் திரட்டும் அப்டேட்மேப் (updmap) கட்டளையைப் பயனர் கணக்கில் ஒருமுறை ஓட்டியிருந்தால், அதன்பின் சிஸ்டம் அளவில் செய்யும் மாற்றம் எதுவும் அந்தக் கணக்கின் கண்ணில் படாது. பலர் மாறி மாறி உட்காரும் கம்ப்யூட்டரில் இரண்டையும் கலக்கவே கூடாது, சிஸ்டம் அளவு ஒன்றையே பிடித்துக்கொள்ள வேண்டும்.

தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் வரும் புத்தகத்துக்கு இந்த வழி வேண்டாம். கொம்பும் கூட்டெழுத்தும் இடம் மாறி அமைவதை டிஎஃப்எம் கையாளாது. ஓப்பன்டைப்பை நேராகப் படிக்கும் லுவாலேடெக்கில், எழுத்துகளைக் கோர்க்கும் ஹார்ஃப்பஸ்ஸை இயக்கி, ஃபான்ட் தேரும் தொகுப்பான ஃபான்ட்ஸ்பெக்கில் ஆங்கிலத்தின் சின்ன எழுத்து உயரத்தைத் தமிழ் ஃபான்டுக்கு ஏற்றபடி ஸ்கேல் செய்துகொள்ளுங்கள்.