குரலை நீக்கித் தருகிறோம் என்பவரிடம் நீக்கிய குரலையும் கேட்டு வாங்குங்கள்

பழைய தொலைக்காட்சிப் பதிவுகளில் வர்ணனையாளரின் பேச்சை நூற்றுக்கு நூறு நீக்கி, பின்னால் ஒலிக்கும் இசையை மட்டும் தருவதாகக் கோவையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் விளம்பரம் செய்கிறது. ஈரோடு, திருப்பூர் வாட்ஸ்அப் குழுக்கள் வரை அது சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயரை நுகர்வோர் புகாரில் எழுதியாயிற்று, இங்கே எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, நாதசுரக்காரர். சென்னிமலைத் தைப்பூசத் தேரோட்டத்தில் அவர் வாசித்த மல்லாரியை, அதாவது சாமி புறப்பாட்டுக்கு நாதசுரத்தில் வாசிக்கும் இசையை, அந்தக் காலத்தில் உள்ளூர் கேபிள் சானல் ஒன்று ஒளிபரப்பியது. பக்கத்து வீட்டு வி.சி.ஆரில் பதிந்த அந்தக் கேசட்டைத் தவிர அவர் வாசிப்பு வேறெங்கும் இல்லை. அதன் மேல் ஒருவர் தேரின் அழகு, உபயதாரர்கள் பெயர், நகைக்கடை வாழ்த்து என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போகிறார்.

கூடத்துக்காரர் 12,000 ரூபாயை முழுவதும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். வெளிநாட்டு மென்பொருளாம், லைசென்ஸ் கட்டணத்துக்கே பாதி போய்விடுமாம். சில நாட்களில் கோப்புகள் வந்தன. இசைக் கோப்பில் தவிலும் கூட்ட இரைச்சலும் இருந்தன. நாதசுரம் அங்கங்கே தண்ணீருக்குள் இருந்து வருவதுபோல் எட்டிப்பார்த்தது. தவறுதலாக உடன் அனுப்பிவிட்ட குரல் கோப்பைத் திறந்தால், வர்ணனையாளரோடு சேர்ந்து அப்புச்சியும் அங்கே வாசித்துக்கொண்டிருக்கிறார்!

காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் மேற்கத்தியப் பாடல்களைக் கேட்டுப் பழகியவை. பாடுகிறவர், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று பிரிக்கத்தான் அவற்றுக்குத் தெரியும். கமகத்தோடு குழைந்து வரும் நாதசுரத்தையும் பாடுகிறவரின் தொண்டையாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. கோப்புகளின் பெயர் 'வோகல்ஸ்', 'அக்கம்பனிமென்ட்' என்று இருந்தது. 2019இல் டீசர் என்ற பிரெஞ்சு நிறுவனம் எல்லோருக்கும் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருள் தானாக வைக்கும் பெயர்கள் அவை. லைசென்ஸ் கட்டணம் எங்கே போனது என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இடது ஒலியிலிருந்து வலதைக் கழித்தால் குரல் போய்விடும் என்று அடுத்து ஒரு வித்தை சொன்னார். நடுவில் குரலும் இருபுறமும் விரிந்த இசையுமாக அமைந்த ஸ்டீரியோவுக்கு அது ஓரளவு பொருந்தும். எங்கள் கேசட்டோ மோனோ. இரண்டு பக்கமும் ஒன்றேயானதைக் கழித்தால் மிஞ்சுவது நிசப்தம். போதாததற்கு, பேச்சு வரும் இடங்களில் சானல்காரர்களே இசையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். குரலை எடுத்தாலும் இசை தாழ்ந்து தாழ்ந்து எழும். ஒவ்வோர் இடமாகக் கையால் உயர்த்த வேண்டும்.

இவ்வளவும் பேசியபின் வந்தது இரண்டாவது கோப்பு. பளிங்கு மாதிரி மல்லாரி. அதே கம்பீரநாட்டை ராகம். வீட்டில் எல்லோருக்கும் கண் கலங்கியது. மாமா மட்டும் இரண்டாம் முறை போடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கண்ணு, இதில் சுருதிப்பெட்டி கேட்கிறது. அய்யனுக்குப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதியது நான். என் ஒத்து எங்கே?" என்றார். ஒத்து என்பது நாதசுரத்துக்குச் சுருதி சேர்த்து ஒரே சுரத்தை ஊதும் குழல்.

யாரோ ஒருவருடைய பதிவை எங்கிருந்தோ எடுத்து, எங்கள் அப்புச்சி பெயரில் கொடுத்திருந்தார்கள். அரைகுறையாகச் செய்ததையாவது மன்னிக்கலாம். இதற்கு வேறு பெயர் இருக்கிறது.

மாமா போல் ஒருவர் எல்லா வீட்டிலும் இருக்கமாட்டார். அதனால்தான் தலைப்பில் சொன்னதைச் சொல்கிறேன். நேர்மையாகப் பிரித்த வேலையில் இசைக் கோப்பையும் குரல் கோப்பையும் ஒன்றாக ஒலிக்கவிட்டால் ஏறக்குறைய உங்கள் பழைய பதிவே திரும்பக் கேட்க வேண்டும். அடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் மூலப்பதிவையும் அவர்கள் தந்த இசையையும் அடுத்தடுத்த தடத்தில் நேரம் பிசகாமல் வைத்து, ஒன்றை மட்டும் 'இன்வர்ட்' செய்து, அதாவது ஒலியலையைத் தலைகீழாக்கி, இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுங்கள். இசையின் அளவை மாற்றாதிருந்தால் மிஞ்சுவது பெரும்பாலும் பேச்சாக இருக்கும். எங்களுக்கு இரண்டு நாதசுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டன.

பேச்சும் வாத்தியமும் சேர்ந்து வரும் ஒரு நிமிடத்தை நீங்களே தேர்ந்தெடுத்து மாதிரி கேளுங்கள். மாதிரியைக் கேட்டபிறகு பணத்தைப் பேசுங்கள். டிஜிட்டலாக மாற்றியதை எம்பி3 ஆகச் சுருக்காமல் வேவ் கோப்பாகக் கொடுங்கள். கேசட்டைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். நூற்றுக்கு நூறு என்று சொல்கிறவர் கடைப் படியை மிதிக்காமலே வந்துவிடலாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "வேலை முடித்துக் கொடுத்தாயிற்றே" என்று பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

குரல் சேர்ப்பதற்கு முன் ஒளிப்பதிவாளர் எடுத்த கேசட் கிடைத்தால் இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. தொண்ணூறுகளில் சென்னிமலைத் தேரைப் படம் பிடித்தவர்கள் யாரையாவது தெரிந்தால் கருத்துப் பகுதியில் சொல்லுங்கள். பிரதி எடுக்கும் செலவு எங்களுடையது.